பெற்றோரை இழந்த உறவுப் பிள்ளை: வெளிநாட்டிலிருந்து பொறுப்பேற்கச் சட்டம் என்ன கேட்கிறது?

ஊரில் ஒரு பிள்ளையின் தாயும் தகப்பனும் இறந்துவிட்டார்கள். பிள்ளையின் மாமியோ சித்தப்பாவோ ரொறன்ரோவில், லண்டனில், சூரிச்சில் இருக்கிறார். எட்டுச்செலவு முடியுமுன்பே தொலைபேசியில் ஒரு வசனம் வந்துவிடும்: "பிள்ளையை நாங்கள் எடுக்கிறோம்." மனதாரச் சொல்லும் வசனம்தான். ஆனால் "எடுக்கிறோம்" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரே ஒரு பொருள் இல்லை. தத்தெடுப்பது ஒன்று, பாதுகாவலர் ஆவது வேறொன்று, குடிவரவுக்கு அனுசரணை செய்வது மூன்றாவது. மூன்றையும் ஒன்றென்று நினைத்துத் தொடங்கும் குடும்பங்கள்தான் இரண்டு மூன்று வருடம் கழித்துப் பணமும் போய், பிள்ளையின் வயதும் போய், மறுப்புக் கடிதத்தோடு நிற்கின்றன.

இந்தக் கேள்வி வருமானவரிப் பத்திரங்களோடு சேர்ந்து என் மேசைக்கு வருவது வழக்கம், ஏனென்றால் அனுசரணைக்கு வருமானச் சான்று வேண்டும். நான் சட்டத்தரணி அல்லன்; கணக்காளன். ஆகவே இது சட்ட ஆலோசனை அல்ல. சட்டத்தரணியின் கதவைத் தட்டுமுன் ஒரு குடும்பம் எதை அறிந்திருக்கவேண்டும், எந்த ஒழுங்கில் செய்யவேண்டும் என்பதற்கான விளக்கம் மட்டுமே.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஸ்காபரோவில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். கிளிநொச்சியில் மனைவியின் தம்பியும் அவருடைய மனைவியும் வீதி விபத்தில் இறந்துபோகிறார்கள். அவர்களுக்கு 15 வயதில் ஒரு மகன், 9 வயதில் ஒரு மகள். இப்போது 74 வயது அப்பம்மாவுடன் இருக்கிறார்கள். மாமி என்ன செய்யலாம்?

மூன்று கதவுகள்

பிள்ளை இங்கே வந்து சேர மூன்று சட்டங்களும் இடம்கொடுக்கவேண்டும். முதலாவது, பிள்ளை வாழும் நாட்டின் குடும்பச் சட்டம். இரண்டாவது, நீங்கள் வாழும் நாட்டின் தத்தெடுப்புச் சட்டம். மூன்றாவது, நீங்கள் வாழும் நாட்டின் குடிவரவுச் சட்டம். இவற்றில் ஒன்று திறந்தால் மற்றவையும் தாமாகத் திறக்கும் என்ற எண்ணம் எங்கள் மத்தியில் பரவலாக உண்டு. அது தவறு. கிளிநொச்சி நீதிமன்றம் தரும் கட்டளை ஒட்டாவாவில் விசா ஆகாது. குடிவரவு அதிகாரி சம்மதித்தாலும், இலங்கையில் பிள்ளையைச் சட்டப்படி வைத்திருப்பவர் சம்மதிக்காமல் பிள்ளை விமானம் ஏற முடியாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். இந்தச் சட்டங்கள் எதுவும் "உறவினருக்குப் பிள்ளையில் உரிமை உண்டா?" என்று கேட்பதில்லை. "பிள்ளைக்கு எது நல்லது?" என்று மட்டுமே கேட்கின்றன. எங்கள் வழக்கில் சொந்தம் என்பதே போதிய காரணம். சட்டத்தில் அது பல சாட்சியங்களில் ஒன்று மட்டும்.

தத்தெடுக்கத்தான் வேண்டுமா?

இலங்கையின் சட்டப் பத்திரங்களில் தத்தெடுப்பை மகவேற்பு என்று எழுதுவார்கள். சொல்லிலேயே பொருள் இருக்கிறது. பிள்ளை உங்கள் மகவாக, உங்களுக்கே பிறந்த பிள்ளைபோல, சட்டத்தில் மாறுகிறது. மாமி அம்மா ஆகிறார். பிள்ளையின் பதிவுகளில் பெற்றோர் மாறுகிறார்கள். அம்மா அப்பாவை நன்கு நினைவிருக்கும் 15 வயதுப் பையனுக்கு இது சிறிய விஷயம் அல்ல. பலவேளை பிள்ளைக்குத் தேவைப்படுவது புதிய அம்மா அப்பா அல்ல. தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மாமியும், படிக்க ஓர் இடமும், அப்பா அம்மா என்ற பெயர்கள் அப்படியே இருக்கும் ஓர் அடையாள அட்டையும்தான்.

அதற்குப் பாதுகாவலர் என்ற ஏற்பாடு இருக்கிறது. இலங்கையில் மாவட்ட நீதிமன்றம் ஒரு பராயமடையாத பிள்ளைக்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். அப்பம்மாவோ ஊரிலுள்ள வேறு உறவினரோ அந்தப் பொறுப்பை ஏற்று, நீங்கள் இங்கிருந்து செலவைக் கொடுப்பது முற்றிலும் சட்டபூர்வமான, பல குடும்பங்களுக்குப் போதுமான வழி. பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க, கடவுச்சீட்டு எடுக்க, சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து வைக்க ஒருவர் சட்டப்படி இருக்கிறார் என்பது உறுதியாகிவிடும். பின்னாளில் வெளிநாட்டுக்கு அழைப்பது என்று முடிவெடுத்தாலும் சம்மதக் கையெழுத்து வைக்க உரியவர் யார் என்ற கேள்விக்கும் பதில் தயாராக இருக்கும்.

ஆகவே, பிள்ளைகள் அங்கே பாதுகாப்பாக வாழ முடியுமா, அப்பம்மாவுக்குப் பிறகு யார், பிள்ளைகள் என்ன விரும்புகிறார்கள் என்ற மூன்றையும் பேசி முடித்தபிறகே விண்ணப்பப் படிவத்தைத் தொடவேண்டும்.

இலங்கைச் சட்டம்

தேசவழமையில் தத்தெடுப்பு இருந்தது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்த ஏட்டில், உறவினர் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடித்துப் பிள்ளையை ஏற்கும் சடங்கு சொல்லப்பட்டிருக்கிறது. இன்று அந்தச் சடங்கைக் காட்டி எந்தத் தூதரகத்திலும் விசா எடுக்க முடியாது. இனம் மதம் பாராமல் நடைமுறையில் இருப்பது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டமும், அதற்குப் பின்வந்த திருத்தங்களும்.

அந்தச் சட்டத்தின் அடிப்படைகள் இவை. தத்தெடுப்பவருக்கு 25 வயது நிறைந்திருக்கவேண்டும். பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்கவேண்டும். கூடப்பிறந்தவர், பேரப்பிள்ளை போன்ற சில நெருங்கிய உறவுகளுக்கு வயது வித்தியாசத்தில் விலக்கு உண்டு. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். சம்மதம் தரவேண்டியவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அல்லது அவர் பிள்ளையைக் கைவிட்டிருந்தால், நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே கட்டளை வழங்கலாம். 10 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதமும் தேவை. பிள்ளையைக் கொடுப்பதற்காகவோ பெறுவதற்காகவோ பணம் கைமாறக்கூடாது.

1941ஆம் ஆண்டுச் சட்டம் "பிள்ளை" என்று வரையறுத்தது 14 வயதுக்குக் குறைந்தவரை. எங்கள் கற்பனைக் குடும்பத்தில் இந்த வரையறையின்படி 9 வயதுத் தங்கைக்குக் கதவு திறந்திருக்கும். 15 வயது அண்ணனுக்கு மூடியிருக்கும். தத்தெடுப்பு வழி ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பிரித்துவிடக்கூடும் என்பதை இந்த ஓர் இலக்கமே காட்டுகிறது. வயது எல்லைகள் திருத்தத்துக்கு உட்படுபவை. மனுத் தாக்கல் செய்யும் நாளில் நடைமுறையிலுள்ள எல்லை எது என்பதைச் சட்டத்தரணியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்கு 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மேலும் கட்டுப்பாடுகளை வைத்தது. விண்ணப்பம் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளர் ஊடாகவே போகவேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து விண்ணப்பித்து, இருவரும் நீதிமன்றத்தில் நேரில் தோன்றவேண்டும். கட்டளை கிடைத்த பின்னும் பிள்ளை எப்படி இருக்கிறது என்ற முன்னேற்ற அறிக்கைகளை அனுப்பிக்கொண்டிருக்கவேண்டும்.

இந்தக் கடுமைக்குக் காரணம் இருக்கிறது. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் போயின. அவற்றில் பல போலித் தாய்மாரையும் போலிப் பத்திரங்களையும் வைத்து நடந்தவை. 2017இல் நெதர்லாந்தின் செம்ப்லா தொலைக்காட்சி நிகழ்ச்சி இதை வெளிக்கொண்டுவந்தது. 2020இல் சுவிஸ் அரசும் இலங்கைத் தத்தெடுப்புகளில் நடந்த முறைகேடுகளை ஒப்புக்கொண்டது. இன்று ஒரு மாமி தன் தம்பியின் பிள்ளைக்காக விண்ணப்பிக்கும்போதும் அதிகாரி சந்தேகக் கண்ணோடு பார்ப்பது இந்த வரலாற்றினால்தான்.

ஹேக் உடன்படிக்கை: முதல் படி நீங்கள் வாழும் ஊரில்

நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை ஒழுங்குபடுத்துகிறது. 1995 மே 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தபோது அதை ஏற்றிருந்த முதல் மூன்று நாடுகள் மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை. கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா, அமெரிக்கா என்று எங்களவர் வாழும் நாடுகள் பெரும்பாலும் இதில் அடக்கம்.

இந்த உடன்படிக்கை பிரசாவுரிமையைப் பார்ப்பதில்லை. வழக்கமாக வாழும் நாட்டைப் பார்க்கிறது. நீங்கள் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருந்தாலும், வாழ்வது கனடாவில் என்றால் உங்களுக்கு இது பொருந்தும். பிள்ளை தமிழ்நாட்டில் ஒரு முகாமில் வாழ்ந்தால், அனுப்பும் நாடு இலங்கை அல்ல, இந்தியா. அங்கே மத்திய அமைப்பு காரா என்று அழைக்கப்படும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம்.

உடன்படிக்கையின்படி வேலை நடக்கும் ஒழுங்கு இது:

1. நீங்கள் வாழும் நாட்டின் அல்லது மாகாணத்தின் மத்திய அதிகாரசபையிடம் விண்ணப்பித்து, உங்கள் வீட்டை, வருமானத்தை, உடல்நலத்தை, பொலிஸ் பதிவை ஆராயும் குடும்ப ஆய்வு அறிக்கை எடுக்கவேண்டும்.
2. அந்த அதிகாரசபை நீங்கள் தகுதியானவர் என்று சான்று கொடுத்து, கோப்பைக் கொழும்பிலுள்ள ஆணையாளருக்கு அனுப்பும்.
3. பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாமா, நாட்டுக்குள்ளேயே வேறு நல்ல ஏற்பாடு இல்லையா என்பதை இலங்கை அதிகாரிகள் தீர்மானிப்பார்கள்.
4. இரு நாட்டு அதிகாரசபைகளும் எழுத்தில் இணங்கவேண்டும்.
5. அதற்குப் பிறகே நீதிமன்றம். கட்டளை கிடைத்ததும், உடன்படிக்கைப்படி நடந்தது என்பதற்கு 23ஆம் உறுப்புரைச் சான்றிதழ்.
6. கடைசியில் விசா அல்லது பிரசாவுரிமை விண்ணப்பம்.

உறவினருக்கு உடன்படிக்கை ஒரு விலக்கைக் கொடுத்திருக்கிறது. தத்தெடுக்க விரும்புவோர் இந்த அனுமதிகளுக்கு முன் பிள்ளையின் பெற்றோருடனோ பராமரிப்பவருடனோ தொடர்புகொள்ளக்கூடாது என்று 29ஆம் உறுப்புரை சொல்கிறது. குடும்பத்துக்குள் நடக்கும் தத்தெடுப்புக்கு அந்தத் தடை இல்லை. நீங்கள் அப்பம்மாவோடு பேசலாம். ஆனால் குடும்ப ஆய்விலிருந்தோ மற்றப் படிகளிலிருந்தோ அது உங்களை விடுவிக்காது.

எங்களவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய், அப்பம்மாவின் முகவரியைக் கொடுத்து, உள்ளூர்க்காரர்போல நீதிமன்றக் கட்டளை வாங்கி, அதோடு கனடாத் தூதரகத்துக்குப் போகிறார்கள். கட்டளை உண்மையானது, முத்திரை உண்மையானது. ஆனால் ஹேக் ஒழுங்கு பின்பற்றப்படவில்லை என்று விசா மறுக்கப்படுகிறது. அப்போது பிள்ளையின் நிலை முன்பைவிட மோசம். சட்டப்படி அதன் பெற்றோர் ஸ்காபரோவில், பிள்ளை கிளிநொச்சியில்.

ஊரிலுள்ள ஒருவர் பெயரில் "தற்காலிகமாக" தத்தெடுத்து வைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. பிள்ளைக்குச் சட்டப்படி உயிரோடு ஒரு பெற்றோர் உண்டு என்றாகிவிடும். பெற்றோர் இருவரும் இல்லை என்பதை ஆதாரமாகக் கொண்ட அனுசரணை வழிக்கு அது பின்னர் தடையாகலாம்.

தத்தெடுக்காமல் அழைக்கும் வழிகள்

*கனடா.* பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு இங்கே உண்டு. கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளின் 117ஆம் பிரிவு, பெற்றோர் இருவரும் இறந்த, 18 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத தம்பி தங்கை, மருமகன் மருமகள், பேரப்பிள்ளை ஆகியோருக்கு நேரடியாக அனுசரணை செய்ய அனுமதிக்கிறது. தத்தெடுப்பு வேண்டாம். ஹேக் நடைமுறையும் வேண்டாம். எங்கள் கற்பனைக் குடும்பத்தில் அண்ணனும் தங்கையும் இருவருமே இதற்குள் வருகிறார்கள். மாமியும் மாமியாகவே இருக்கலாம்.

ஆனால் உறவு என்பது இங்கே இரத்த உறவு அல்லது சட்டப்படியான தத்து உறவு. அனுசரணையாளர் மனைவியாக இருக்கவேண்டும், கணவர் அல்ல. பிள்ளைகள் மனைவியின் தம்பியின் பிள்ளைகள். கணவர் வேலைசெய்கிறார், அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்று அவர் பெயரில் போட்டால் உறவே இல்லை என்று விண்ணப்பம் விழுந்துவிடும். அதேபோல, நாங்கள் "சித்தப்பா" என்று அழைப்பவர் தகப்பனின் ஒன்றுவிட்ட சகோதரராக இருந்தால், எங்கள் வாய்க்கு அவர் சித்தப்பா; ஒழுங்குவிதிக்கு அவர் சித்தப்பா அல்லர். அனுசரணையாளரும் பிள்ளையின் தாயோ தகப்பனோ ஒருவரும் கூடப்பிறந்தவர்களாக இருக்கவேண்டும்.

*அவுஸ்திரேலியா.* அநாதை உறவினர் விசா, உபபிரிவு 117 என்று ஒன்று உண்டு. சகோதரர், தாத்தா பாட்டி, மாமா மாமி, சித்தப்பா பெரியம்மா போன்ற உறவினர் அனுசரணை செய்யலாம். பிள்ளை 18 வயதுக்குக் குறைந்து, திருமணமாகாதிருக்கவேண்டும். இங்கே கவனிக்கவேண்டியது, பெற்றோர் இறந்திருக்கவேண்டும் என்றில்லை. பிள்ளையைப் பராமரிக்க முடியாதபடி நிரந்தரமாக இயலாதவர்களாகவோ, இருக்குமிடம் தெரியாதவர்களாகவோ இருந்தாலும் போதும்.

*பிரித்தானியா.* உறவினரிடம் பிள்ளை வருவதற்குக் குடிவரவு விதிகள் இடம் தருகின்றன. ஆனால் பிள்ளையை வெளியே விட்டுவைப்பது பொருத்தமற்றது என்று காட்டும் பாரதூரமான, வலுவான காரணங்கள் இருக்கவேண்டும். அரச உதவிப்பணம் இல்லாமல் பராமரிக்கவும் இடம்கொடுக்கவும் முடியவேண்டும். அப்பம்மா நலமாக இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இதை நிரூபிப்பது கடினம். தத்தெடுக்கும் நோக்கத்தோடு கொண்டுவருவதென்றால் 2002ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு, சிறுவர் சட்டத்தின் 83ஆம் பிரிவைக் கவனியுங்கள். மதிப்பீடும் அனுமதியும் இல்லாமல் அப்படிக் கொண்டுவருவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உறவினர் என்பது அதற்கு விலக்கு அல்ல. பிள்ளை வந்த பின்னும் ஒரு விதி உண்டு. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் 28 நாட்களோ அதற்கு மேலோ வைத்துப் பராமரித்தால் உள்ளூராட்சிச் சபைக்கு அறிவிக்கவேண்டும். ஒன்றுவிட்ட சித்தப்பா அங்கேயும் நெருங்கிய உறவினர் கணக்கில் வரமாட்டார்.

*ஐரோப்பா.* கதவு குறுகிக்கொண்டு வருகிறது. ஜேர்மனியில் 2021 ஏப்ரல் 1 முதல், அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் ஊடாக அல்லாமல் வெளிநாட்டில் தனியாகத் தத்தெடுப்பது தடை. பிரான்ஸ் 2022 பெப்ரவரி 21ஆம் திகதிய சட்டத்தால் தனிப்பட்ட வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தியது. நெதர்லாந்து 2024இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பைப் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது. சுவிஸ் கூட்டாட்சி அரசும் 2025 ஜனவரியில் அதை நிறுத்தும் எண்ணத்தை அறிவித்தது. சுவிற்சர்லாந்தில் தத்தெடுப்பவருக்குப் பொதுவாக 28 வயது நிறைந்திருக்கவேண்டும். பிள்ளையைக் குறைந்தது ஒரு வருடம் பராமரித்திருக்கவும் வேண்டும். உறவுப் பிள்ளையை வளர்ப்புப் பிள்ளையாக அழைக்கும் வழி சில நாடுகளில் உண்டு. ஜேர்மனியின் வதிவிடச் சட்டத்தின் 36ஆம் பிரிவு மற்ற உறவினருக்கு அசாதாரணமான கடின நிலை இருந்தால் இடம்தருகிறது. இந்த நாடுகளில் முதல் வேலை, பழைய அனுபவத்தை வைத்துக்கொண்டு இறங்காமல் உங்கள் கன்ரோனின், மாநிலத்தின் இளையோர் நல அலுவலகத்திடம் எழுத்தில் கேட்பது.

இறந்தவர்களும் காணாமற்போனவர்களும்

எங்கள் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இதுதான் கடினமான இடம். தாய் இறந்துவிட்டார், தகப்பன் 2009இல் காணாமற்போனவர். குடும்பம் மரண அத்தாட்சிப் பத்திரம் எடுக்க மறுத்திருக்கிறது. அந்த மறுப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. கையில் ஒப்படைத்த மனிதனை, எங்கே என்று யாரும் பதில் சொல்லாமலே, இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்கச் சொன்னால் யார் வைப்பார்கள்?

சட்டத்தில் இரண்டு பத்திரங்கள் உள்ளன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணங்களைப் பதிதல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ், காணாமற்போய் இறந்ததாகக் கருதப்படுபவருக்கு மரணப் பதிவு செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போனவர் என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழைக் கொண்டுவந்தது.

இரண்டாவது சான்றிதழ் குடும்பத்தின் மனச்சாட்சிக்கு ஏற்றது. பாதுகாவலர் நியமனத்திலும் தத்தெடுப்பு மனுவிலும், தகப்பனின் சம்மதம் ஏன் இல்லை என்பதற்கு அது நல்ல சான்று. அவுஸ்திரேலியாவின் "இருக்குமிடம் தெரியாதவர்" என்ற நிபந்தனைக்கும் உதவும். ஆனால் கனடாவின் அனுசரணை வழி பெற்றோர் இறந்திருக்கவேண்டும் என்கிறது. காணாமற்போனமைச் சான்றிதழ் மரணச் சான்று ஆகாது. எந்தப் பத்திரத்தை எடுப்பது என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்கவேண்டும். காத்திருக்கும் மனைவியிடமோ தாயிடமோ போய், "விசாவுக்கு வேண்டும், கையெழுத்து வையுங்கள்" என்று வெளிநாட்டிலிருந்து நெருக்குவது சரியல்ல. எந்தப் பத்திரம் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்பதை அவர்களுக்கு விளங்கச் சொல்வது எங்கள் கடமை. மற்றது அவர்களுடைய முடிவு.

உறவைக் காட்டும் சங்கிலி

மருமகள் என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை. பத்திரங்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் சங்கிலியாக இருக்கவேண்டும். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பனின் பெயர். தகப்பனின் பிறப்புப் பத்திரத்தில் தாத்தா, அப்பம்மா பெயர்கள். மாமியின் பிறப்புப் பத்திரத்திலும் அதே தாத்தா, அப்பம்மா பெயர்கள். கூடவே பெற்றோர் இருவரின் மரணப் பத்திரங்கள், திருமணப் பதிவு, பாதுகாவலரின் சம்மதம்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் பெயர் எழுத்துக்களில். ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். முதலெழுத்து ஒன்றில் விரிந்திருக்கும், மற்றதில் சுருங்கியிருக்கும். மாமி கனடா வந்தபோது அகதிப் படிவத்தில் எழுதிய பெயர் மூன்றாவதாக இருக்கும். இவற்றைச் சத்தியக்கடதாசியாலும் பதிவாளர் ஊடான திருத்தத்தாலும் முன்கூட்டியே சரிசெய்யவேண்டும். இடப்பெயர்வில் பதிவே செய்யப்படாத பிறப்புகளுக்குக் காலங்கடந்த பதிவு உண்டு. இன்னொரு கேள்வியும் முக்கியம்: மாமி தன்னுடைய பழைய குடிவரவுப் படிவங்களில் இந்தத் தம்பியைக் குறிப்பிட்டாரா? அந்தப் படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பத்திரம் போதாவிட்டால் மரபணுப் பரிசோதனை கேட்கப்படலாம்.

கணக்கு

கனடாவில் கணவன் மனைவிக்கு அனுசரணை செய்ய வருமான எல்லை பொதுவாகப் பார்க்கப்படுவதில்லை. அநாதை உறவினருக்குப் பார்க்கப்படும். எங்கள் கற்பனைக் குடும்பத்தில் இப்போது 4 பேர். இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் 6 பேர். 6 பேருக்கான எல்லையை வருமானம் தொடவேண்டும். அனுசரணை மனைவியின் பெயரில் இருந்தாலும் கணவர் இணைக் கையொப்பம் வைத்து இருவரின் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். கியூபெக்கில் தனியான விதிகள்.

சான்று, வருமானவரித் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிவித்தல். வங்கியிலுள்ள காசோ வீட்டின் பெறுமதியோ அல்ல. சமூக உதவிப்பணம், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு, சாதாரண வேலையிழப்புக் கொடுப்பனவு ஆகியவை வருமானமாக எண்ணப்படமாட்டா. சொந்தத் தொழில் செய்வோருக்குச் செலவு கழித்த தேறிய தொகைதான் கணக்கு. கையில் காசாக வாங்கி, வரிப் பத்திரத்தில் குறைத்துக் காட்டியவர்களுக்கு இங்கே வழியில்லை. பிள்ளைக்காக விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முந்திய வருடத்து வரிப் பத்திரத்திலிருந்தே அது தொடங்குகிறது.

அடுத்தது பிள்ளையின் சொந்தக் கணக்கு. இறந்த பெற்றோரின் காணி, ஊழியர் சேமலாப நிதி, காப்புறுதி, தகப்பனோ தாயோ அரச ஊழியரானால் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம், விபத்து நட்டஈடு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இவை பிள்ளையுடையவை. 18 வயதாகுமுன் பிள்ளையின் காணியை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். தத்தெடுப்பு, பிள்ளையின் முதுசத்தையும் ஓய்வூதியத்தையும் எப்படிப் பாதிக்கும் என்பதைக் கட்டளைக்கு முன்பே சட்டத்தரணியிடம் கேளுங்கள். பிள்ளையை அழைப்பவரும் காணியைப் பார்ப்பவரும் ஒருவரே என்றால், வருடாவருடம் கணக்கு எழுதி இன்னோர் உறவினருக்குப் பிரதி கொடுப்பது நல்லது. பிற்காலத்தில் பிள்ளை கேட்கும், கேட்கவும் வேண்டும்.

கொடுக்கும் ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நீதிமன்றக் கட்டணம், சட்டத்தரணி, மொழிபெயர்ப்பு, பயணம் இவ்வளவும்தான் நியாயமான செலவு. "ஆளைப் பிடித்து" வேகமாக முடித்துத் தருகிறேன் என்பவருக்குக் கொடுக்கும் பணம், வழக்கையே கெடுக்கக்கூடிய சாட்சி.

அகதித் தகுதியும் பயணமும்

இலங்கையில் தத்தெடுக்க நேரில் தோன்றவேண்டும் என்றேன். அகதியாக ஏற்கப்பட்டு இன்னும் பிரசாவுரிமை எடுக்காதவர்களுக்கு இது சாதாரண பயணம் அல்ல. கனடாவில் 2012 டிசம்பரிலிருந்து, பாதுகாப்புத் தேடி வந்த நாட்டுக்குத் திரும்பிப் போவதையும் அந்நாட்டுக் கடவுச்சீட்டை எடுப்பதையும் காரணமாகக் காட்டி அகதித் தகுதியை நீக்கும்போது, நிரந்தர வதிவுரிமையும் சேர்ந்து போகலாம். பிள்ளையை எடுக்கப்போய் உங்கள் சொந்தப் பிள்ளைகளின் வீட்டை இழக்கக்கூடாது. பிரசாவுரிமை எடுத்தபின் போவது, அல்லது பயணம் தேவைப்படாத அனுசரணை வழியைப் பார்ப்பது, இரண்டில் ஒன்றைச் சட்டத்தரணியோடு முடிவெடுங்கள்.

செய்யவே கூடாதவை

பிள்ளையை உங்கள் சொந்தப் பிள்ளை என்று பிறப்புப் பதிவு செய்யாதீர்கள். உயிரோடு இருக்கும் பெற்றோரை இறந்தவர் என்று எழுதாதீர்கள். வயதைக் குறைக்காதீர்கள். பார்வையாளர் விசாவில் அழைத்து வந்து பிறகு பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். கனடாவில் பொய்த் தகவலுக்கு 5 வருடத் தடை. அந்த 5 வருடத்தில் 15 வயதுப் பையனுக்கு 20 வயதாகிவிடும். அதற்குப் பிறகு இந்த வழியே அவனுக்கு இல்லை. தாயோ தகப்பனோ உயிரோடு இருந்து, வெளிநாட்டு வாழ்வுக்காக மட்டும் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதையும் அதிகாரிகள் கண்டுபிடிக்கிறார்கள். உண்மையான பெற்றோர்–பிள்ளை உறவு உருவாகிறதா, முந்திய சட்ட உறவு முடிகிறதா என்று ஆராய்வார்கள்.

எங்கே தொடங்குவது

முதல் வாரத்தில் செய்யக்கூடியவை இவை. மரண, பிறப்புப் பத்திரங்களின் மூலப்பிரதிகளைக் கிளிநொச்சியில் எடுக்கச் சொல்லுங்கள். ஊரில் பிள்ளைகளை வைத்திருப்பவரின் பொறுப்பைக் கிராம அலுவலர், பிரதேச செயலகச் சிறுவர் அலுவலர் ஊடாகப் பதிவுக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் குடிவரவுப் படிவங்களின் பிரதியையும் வரி அறிவித்தல்களையும் ஒரு கோப்பில் வையுங்கள். பிறகு, ஊர் நீதிமன்றத்துக்கு அல்ல, நீங்கள் வாழும் நாட்டின் குடிவரவுச் சட்டத்தரணியிடம் முதலில் போங்கள். தத்தெடுப்பா, பாதுகாவலரா, அனுசரணையா என்ற கேள்விக்கு அவர் பதில் சொன்ன பின்பே ஊரில் வழக்கு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, பிள்ளைகளிடம் கேளுங்கள். 10 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதத்தைச் சட்டம் கேட்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. 9 வயதுத் தங்கையிடமும் கேட்கலாம். வரவேண்டும் என்கிறார்களா, அப்பம்மாவை விட்டு வரமாட்டோம் என்கிறார்களா, அண்ணனும் தங்கையும் ஒன்றாக இருந்தால் எங்கேயும் சரி என்கிறார்களா? அந்தப் பதில் தெரிந்தால் மேலே சொன்ன வழிகளில் எது என்பது பாதி தீர்மானமாகிவிடும்.